என் பெயரை எடுத்துக்கொண்ட மகனுக்கு

சாமு,

நீ கூரியரில் அனுப்பிய காகிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். கடைசிப் பக்கத்தில் நான் எந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போடவேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்திலேயே 'இங்கதான்மா, வேற எதையும் படிக்க வேணாம்' என்று எழுதியிருக்கிறாய். திருப்பி அனுப்ப ஒரு உறை, அதன்மேல் விலாசம், எல்லாம் தயார். பொறுப்பான பிள்ளைதான். ஆனால் அந்தக் கோட்டின்மேல் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று போனில் சொல்லலாம். சொல்ல ஆரம்பித்தால் நீ 'அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்' என்று குறுக்கே வருவாய், நானும் 'சரிப்பா' என்று போனை வைத்துவிடுவேன். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தையே கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குப் போவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் எனக்குப் புரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். நீ பகலில் பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறாய். வீட்டுக்கு வந்தபின் உனக்குப் பிடித்த வேறொரு வேலை செய்கிறாய். பழைய பிரிண்டர்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் மென்பொருள் அது. யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதில்லை. பல நாட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதை நீ எனக்கு விளக்கியபோது, சர்ச் அசன விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது மாதிரியா என்று கேட்டேன். 'கரெக்ட்டும்மா' என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

இந்தப் பைத்தியம் உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். வேலூரில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பிரிண்டரைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்தாய். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, 'இன்னாடா சாமு, தையல் மிஷினா?' என்று கேட்டார். அதை ஓடவைக்க ஒரு லீவு முழுக்கப் பாடுபட்டாய். தோஸ்துகளின் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வருவதும், பிரவுசிங் சென்டருக்கு ஓடுவதும், சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைப் பார்க்காமலே சாப்பிடுவதுமாக இருந்தாய். உன் அப்பா, 'இவன் இன்ஜினியராவானா மெக்கானிக்காவானா?' என்று என்னைத்தான் பிடித்துத் திட்டினார். ஒருநாள் அது கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒரு காகிதத்தைத் துப்பியது. கிறிஸ்துமஸ் பாட்டுத் தாள். பாதிப் பக்கம் கறுப்பு மை, மீதிப் பாதியில் பாட்டு. அந்த வருடம் வீடு வீடாகப் பாடப் போன பிள்ளைகள் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பாடினார்கள். மை ஒட்டி எல்லார் விரலும் கறுப்பு. எனக்கு இப்போதும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

அப்போது நீ அந்த வெளிநாட்டுக் கூட்டத்தில் 'பாலாறு' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாய். அதற்கும் சிரித்தேன். தண்ணீரே இல்லாத ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் இணையத்தில் திரிகிறானே என்று. பிறகு அவர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பட்டப்பெயர், புனைபெயர் எதுவும் கூடாது. நீ எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் உன் நிஜப் பெயரைப் போட்டு, இதை நான்தான் எழுதினேன், கொடுக்கும் உரிமையும் எனக்கு இருக்கிறது என்று உறுதி சொல்லவேண்டும். நாளைக்கு எவனாவது வந்து இது என் சரக்கு என்று வழக்குப் போட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா. உன் பெயரைப் போட உனக்கு வழியில்லை. வேலையில் சேரும்போது நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தில், நீ வீட்டில் உட்கார்ந்து எழுதினாலும் அது கம்பெனிக்குச் சொந்தம், கேட்காமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று இருக்கிறதாம். கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து நீ கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக என் பெயரை எடுத்துப் போட்டாய்.

போட்டது மட்டுமா, ஆறு மாதம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் என்னிடம் சொன்னாய். அதுவும் கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது. 'ஏன்டா என் பேரு?' என்றேன். 'அவங்க நிஜப் பேரு கேட்டாங்கம்மா. உன் பேரு நிஜப் பேரு தானே?' என்று சிரித்தாய். கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நீ கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாய். என் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை நிறைய இருந்தது, நீ கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு முறை என் பெயரை அச்செழுத்தில் நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை, ரேஷன் கார்டில் ஒருமுறை, அதுவும் தப்பாக. எந்த ஊரிலிருந்தோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என் பெயருக்கு நன்றி எழுதியிருந்தார். மூலையில் கிடந்த பிரிண்டர் இப்போது ஓடுகிறது, பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிக்கிறோம், நன்றி மேடம் என்று. அதை நீ தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை அடித்துக் கொடு என்று வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தாளைப் பாஸ்டர் அம்மாவிடம் காட்டினேன். 'நீங்க கம்ப்யூட்டர் படிச்சீங்களா?' என்று அவர் ஆச்சரியப்பட்டார். 'பையன் கத்துக் குடுத்தான்' என்றேன். கூசாமல் சொன்னேன், சாமு. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் கூச்சம் வந்தது. உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று உனக்குத் தெரியவேண்டும், அதனால் சொல்கிறேன்.

இப்போது விஷயம் பெரிதாகிவிட்டது. அந்த மென்பொருள்காரர்கள் பிரிண்டர் பகுதிக்கு என்னையே பொறுப்பாளராகப் போடுகிறார்களாம். அதற்குத்தான் இந்தக் காகிதம், இந்தக் கோடு. அதோடு பெங்களூரில் நடக்கும் அவர்களுடைய கூட்டத்தில், இந்த வேலை செய்யும் பெண்கள் ரொம்பக் கம்மி என்பதால் பெண்களுக்கென்று இரண்டு இடம் ஒதுக்கி வைத்து, அதில் ஒன்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'அத விடும்மா, உனக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிடறேன், நீ சைன் மட்டும் போடு' என்றாய். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு இடம் என்று நீ சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டுமானால், உனக்குப் பாதி மட்டும் தெரிந்த ஒன்றை நான் முழுக்கச் சொல்லவேண்டும்.

நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரியை மூடினார்கள். கழிவுத் தண்ணீர் வழக்கில் அப்போது பல டேனரிகளுக்குப் பூட்டு விழுந்தது. அப்பா வீட்டில் உட்கார்ந்தார், பிறகு கிடைத்த லோடு வேலைக்குப் போனார். என் தங்கை எஸ்தர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பெர்மனென்ட்டாக இருந்தவள். டோக்கன், இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் உண்டு. அவள் கல்யாணமாகி ராணிப்பேட்டைக்குப் போயிருந்தாள். நான் வேலை கேட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் தேவராஜ் சார் நல்ல மனுஷர். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 'புதுசா ஆள் எடுக்கலம்மா. எஸ்தர் பேரு இன்னும் ரிஜிஸ்தர்ல கீது. அந்தப் பேர்லயே வந்துடேன். போட்டோவுல அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கீறீங்க.' அந்தக் காலத்தில் இப்படி எத்தனையோ பேர் வேலை செய்தார்கள். அக்கா டோக்கனில் தங்கை, நாத்தனார் டோக்கனில் அண்ணி. எஸ்தரிடம் கேட்டேன். 'எடுத்துக்கோக்கா, நான் இன்னா அத பீரோவுல வெச்சுப் பூட்டப் போறேனா?' என்று சிரித்தாள்.

அப்படித்தான் நான் எஸ்தர் ஆனேன். முதல் ஒரு வாரம் யாராவது 'எஸ்தர்' என்று கூப்பிட்டால் நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே இருப்பேன். 'காது டமாரமா உனக்கு?' என்று லைனில் எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு பழகிவிட்டது. கூப்பிட்டவுடன் கழுத்து தானாகத் திரும்பும். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். நாங்கள் அதைத்தான் தைப்போம். ஒவ்வொரு பண்டலிலும் தைத்தவர் டோக்கன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். தையல் பிரிந்தால் அந்த நம்பரைத் தேடிக்கொண்டு பண்டல் திரும்பி வரும். என் பண்டல் திரும்பி வந்தது அபூர்வம். வெள்ளைக்காரர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தால் என் மிஷின் பக்கத்தில்தான் நிறுத்திக் காட்டுவார்கள். 'திஸ் இஸ் எஸ்தர்' என்பார் மேனேஜர். நான் தலையாட்டுவேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது, சாமு. வேலை என்னுடையது, பெயர்தான் இன்னொருத்தியுடையது. அதில் என்ன தப்பு என்று நீ கேட்கிறாயே, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உனக்கு ஒரு அறை விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். பஜாரில் உனக்குச் செருப்பு வாங்கப் போயிருந்தோம். கம்பெனி ஆபீசில் ரிஜிஸ்தர் எழுதும் கிளார்க் அம்மா எதிரே வந்து, 'எஸ்தர், இது உன் பையனா?' என்று கேட்டார். நீ முந்திக்கொண்டு, 'எங்கம்மா பேரு எஸ்தர் இல்ல. எஸ்தர் எங்க சித்தி' என்றாய். நான் உன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தேன். நடு பஜாரில். 'பையன் எப்பவும் இப்டித்தான் வெளயாடுவான்' என்று சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நீ அழவில்லை. ஏன் அடித்தாய் என்றும் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னை உட்காரவைத்து, நீ சொன்னதுதான் சரி, அம்மாதான் பொய்யில் நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்போடு ஒரு கோன் ஐஸும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன்.

பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு உன்னை வேறு பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியர் 'அம்மா பேரு?' என்று கேட்டார். நீ வாயைத் திறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய். எந்தப் பெயரைச் சொல்லட்டும் என்று கண்ணாலேயே கேட்டாய். தன் அம்மா பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை அனுமதி கேட்டு நின்றது. அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. இப்போது நீ என் பெயரை அவ்வளவு சுலபமாக எடுத்துப் போட்டுவிட்டாய் என்றால், பெயரை இப்படியெல்லாம் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று உனக்குக் கற்றுக் கொடுத்தது நான்தான். அடித்துக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

இதுவரை உனக்குத் தெரிந்த பாதி. மீதியை நான் இந்த வாரம்வரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பத்தாவது எழுதிய வருடம் எஸ்தரின் வீட்டுக்காரர் இறந்துபோனார். கையில் சின்னப் பெண் குழந்தை. மாமியார் வீட்டில் பேஜார் தாங்காமல் அவள் கிளம்பி ஆம்பூரில் எங்கள் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள் காலையில் நம் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றிருக்கிறாள். அன்றைக்குப் புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாட்ச்மேன் பெயர் கேட்டதும் யோசிக்காமல் தன் பெயரையே சொல்லியிருக்கிறாள், அவர் உள்ளே போன் செய்தார். தேவராஜ் சார் அப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். புது சூப்பர்வைசருக்கு ஒன்றும் தெரியாது. அவர் என் மிஷின் பக்கம் வந்து, 'எஸ்தர், கேட்டுல யாரோ ஒரு பொம்பள உன் பேரு, உன் அப்பா பேரு எல்லாம் சொல்லிக்கிட்டு நிக்குதாம். இன்னா சமாச்சாரம்னு போய்ப் பார்த்துட்டு வா' என்றார்.

நான் போனேன். தையல் செக்‌ஷனிலிருந்து கேட்டுக்கு இருநூறு அடிகூட இருக்காது. எஸ்தர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள், வேலை கேட்கப் போகிறோமே என்று. வாட்ச்மேன் அவளிடம், 'எஸ்தர்னு சொல்றியே, இதோ எஸ்தர் வந்துடுச்சே. இந்தம்மாதான் இங்க அஞ்சு வருஷமா எஸ்தர். அப்ப நீ யாரு?' என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இது என் தங்கை, இது அவள் பெயர், அவள் டோக்கன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு வேலை போகும். நீ அடுத்த வருடம் ப்ளஸ் ஒன். அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. இதெல்லாம் ஒரே நிமிஷத்தில் மனசுக்குள் ஓடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எஸ்தர்தான் பேசினாள். 'கம்பெனி மாறி வந்துட்டேண்ணா' என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டே போனது. நான் உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தைத்த பண்டலும் திரும்பி வரவில்லை. அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு.

எஸ்தர் குடியாத்தத்துக்குப் போய் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் சேர்ந்தாள். மிஷினில் உட்கார்ந்து தோல் தைக்கத் தெரிந்த கை, குச்சி அடுக்கப் போனது. சித்தி ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று நீ கேட்கும்போதெல்லாம், அவளுக்கு வேலை ஜாஸ்தி என்று சொல்லிவந்தேன். கல்யாணம் காட்சி என்றால் பார்த்துக்கொள்வோம், 'நல்லாக் கீறியாக்கா?' என்பாள், 'நல்லாக் கீறேன்' என்பேன், அதோடு சரி. நீ வேலைக்குச் சேர்ந்த வருடம் நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அன்றைக்குக் கம்பெனியில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். எஸ்தர் பத்து வருடம் சிறப்பாகப் பணிபுரிந்தார் என்று. அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் வரும் வழியிலேயே கிழித்துப் போட்டேன்.

இந்த வியாழக்கிழமை உன் காகிதத்தை எடுத்துக்கொண்டு குடியாத்தம் பஸ் ஏறினேன். எஸ்தர் பயந்துவிட்டாள், யாருக்கு என்ன ஆனதோ என்று. டீ போட்டாள். காகிதத்தை விரித்து நீ செய்ததையெல்லாம் சொன்னேன். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, 'அந்த எடத்துக்கு வேற ஒரு பொண்ணு வரவேண்டியது தானேக்கா?' என்றாள். நான் நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்ததை ஒரே வாயில் சொல்லிவிட்டாள். அப்போதுதான் அழுதேன். அந்த கேட்டில் நின்ற நாளைப் பற்றி முதல்முறையாகப் பேசினேன். மன்னித்துவிடு என்று கேட்டேன்.

எஸ்தர் டம்ளரைக் கீழே வைத்தாள். 'நான் உண்மைய சொல்லியிருந்தா உனக்கு வேல போயிருக்கும். அதான் கம்முனு வந்துட்டேன். அதுல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு நீ வருவேன்னு வாசல்லயே உக்காந்து கெடந்தேன்க்கா. வந்து இன்னாடி பண்றதுன்னு ஒரு வார்த்த கேப்பேன்னு. நீ வரல. அடுத்த நாளும் வரல' என்றாள். பிறகு அவளே, 'சாமு பேரப் போட்டா அவனுக்கு வேல போயிடுமா?' என்று கேட்டாள். தெரியாது என்றேன். 'அப்ப இன்னா பண்றதுன்னு அவனே யோசிக்கட்டும். நீ மட்டும் கையெழுத்துப் போடாத' என்றாள். மத்தியானம் அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டேன். எத்தனை வருடம் கழித்து.

உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் வழக்கம்போல, 'ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயேன், இன்னா ஆயிடப் போவுது?' என்றார். நீயும் அதைத்தான் சொல்வாய். அதற்குத்தான் இத்தனை பக்கம். நீ பாலாறு என்றே இருந்திருந்தால் நான் எதுவும் சொல்லமாட்டேன். அந்தப் பெயரில் ஒரு ஆள் இல்லை, யாருடைய இடமும் போகாது. ஒரு தடவை சொன்னாயே, ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெண், வீட்டாருக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று பொய்ப் பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள், நிஜப் பெயர் சொல்லமாட்டேன் என்றதால் அவள் எழுதியதைத் தள்ளிவிட்டார்கள் என்று. அவளை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் விஷயத்தில் அந்த விதி கொடுமைதான். பெயரைச் சொல்ல முடியாமல் வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். உன் நிலைமை அவள் நிலைமை கிடையாது. நீ மேலதிகாரியிடம் கேட்கப் பயந்தாய், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரை எடுத்துக்கொண்டால், அந்தப் பெயர் கூப்பிடப்படும் இடத்தில் அவளுக்கு நிற்க இடம் இருக்காது. எஸ்தருக்கு அப்படித்தான் ஆனது. இப்போது அந்தக் கூட்டத்துக்கு வரவேண்டிய யாரோ ஒரு பெண்ணுக்கும் அப்படி ஆகப்போகிறது. அவளை நமக்கு யாரென்றே தெரியாது. அதனால் அவள் வலி கம்மியாகிவிடாது.

உன் பெயரை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் நன்றி சொன்னது யாருக்கு? சைக்கிளில் பிரிண்டர் கட்டி வந்தவனுக்கு. சாப்பாட்டைப் பார்க்காமல் சாப்பிட்டவனுக்கு. நான் பத்து வருடம் நல்ல தையல் தைத்தேன். அந்தக் கம்பெனியில் போய் இன்றைக்கு என் பெயரைக் கேட்டால் அப்படி ஒருத்தி வேலையே செய்யவில்லை என்பார்கள். உனக்கும் அந்த நிலைமை வரவேண்டாம் கண்ணு. அது வயசான பிறகு ரொம்ப உறுத்தும்.

ஆகவே இதைச் செய். முதலில் உன் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல். ஜெர்மனி பயணம் நின்றுபோகலாம், வேலையே போகலாம் என்று எனக்குத் தெரியும். போனால் ஆம்பூருக்கு வா, நானும் அப்பாவும் இருக்கிறோம். அவர்கள் அனுமதி கொடுத்தாலும் கொடுக்கலாம். நீ கேட்டே பார்க்கவில்லையே. பிறகு அந்தப் பிரிண்டர்க்காரர்களுக்கு எழுது. இத்தனை நாளாக எழுதியது நான், அது என் அம்மாவின் பெயர், அம்மாவுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது என்று எழுது. அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி எழுது. அவர்கள் கோபித்துக்கொண்டு நீ எழுதியதையெல்லாம் தூக்கி எறியலாம். எறிந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதையெல்லாம் நீ செய்யாவிட்டால் நானே ஆள் வைத்து இங்கிலீஷில் எழுதிவிடுவேன் என்று மிரட்டலாமா என்று யோசித்தேன். மிரட்டப் போவதில்லை. உன்னை ஒருமுறை அடித்து வாயை மூடவைத்தது போதும்.

உன் காகிதத்தை அப்படியே இதோடு திருப்பி அனுப்புகிறேன். கோடு காலியாக இருக்கிறது. அவர்களுக்கு நீ எழுதும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்குப் போனில் ஒருமுறை படித்துக் காட்டு. இங்கிலீஷ் எனக்குப் புரியாது, பரவாயில்லை. கடைசியில் உன் பெயர் வரும் இடம் எனக்குப் புரியும்.

அம்மா